காற்றில்லா வெளியில் தீ எரிவது எப்படி? விண்வெளியில் எரிதலும் வெடிப்பும்: ஒரு விளக்கம்

ஆந்திரப் பிரதேச மாநிலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2025 மே 18 அன்று அதிகாலையில் செலுத்தப்பட்ட பிஎஸ்எல்வி-சி61 ராக்கெட், இஓஎஸ்-09 புவி கண்காணிப்புச் செயற்கைக்கோளை உரிய சுற்றுப்பாதையில் சேர்க்க இயலாமல் போனது. அது இஸ்ரோவின் 101-வது ஏவுதல். முதல் இரண்டு நிலைகளும் எதிர்பார்த்தபடி இயங்கின. திட எரிபொருளால் இயங்கும் மூன்றாவது நிலையும் சீராகவே தொடங்கியது. ஆனால் அது எரிந்துகொண்டிருந்தபோது, எரிகலனுக்குள் இருந்த அழுத்தம் குறைந்ததாக இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் தெரிவித்தார்.

அந்த அறிவிப்பைப் படித்த பலருக்கு இரண்டு ஐயங்கள் எழுந்திருக்கக்கூடும். காற்றே இல்லாத உயரத்தில் ஒரு ராக்கெட் நிலை எவ்வாறு எரிகிறது என்பது முதலாவது. எரிந்துகொண்டிருக்கும் ஒன்றில் அழுத்தம் குறைவது ஏன் அத்துணை பெரிய பின்னடைவாகிறது என்பது இரண்டாவது. இவ்விரண்டிற்குமான விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. தீக்குத் தேவைப்படுவது காற்று அல்ல. அதற்கு ஆக்சிஜன் வேண்டும். அந்த ஆக்சிஜனும் எரிபொருளும் போதிய நெருக்கத்தில் இருத்தல் வேண்டும். பூமியில் இவ்விரண்டையும் வளிமண்டலம் கேட்காமலே தந்துவிடுகிறது. விண்வெளியில் இரண்டையும் மனிதன் சுமந்து செல்ல வேண்டியுள்ளது.

மெழுகுவர்த்தி ஏன் அணைகிறது?

எரிதல் என்பது ஒரு வேதிவினை. எரிபொருளின் மூலக்கூறுகள் ஆக்சிஜனுடன் மோதி இணையும்போது வெப்பம் வெளிப்படுகிறது. அவ்வெப்பம் அடுத்த மூலக்கூறுகளைத் தூண்டுகிறது. இந்தச் சங்கிலி அறுந்தால் தீ அணைந்துவிடும். எரியும் மெழுகுவர்த்தி ஒன்றைச் சுற்றியுள்ள காற்றை முழுவதும் உறிஞ்சி எடுத்துவிட்டால் ஆக்சிஜன் வரவு நின்று சுடர் மறைந்துவிடும். இது பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே காட்டக்கூடிய உண்மை.

ஆயினும் ஆக்சிஜன் இன்மை மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாது. கடல் மட்டத்தில் காற்றின் ஒரு மூலக்கூறு மற்றொன்றின் மீது மோதுவதற்கு முன்பு கடக்கும் சராசரித் தொலைவு, ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. சுமார் 300 கி.மீ. உயரத்திலோ அத்தொலைவு கிலோமீட்டர் கணக்கில் நீண்டுவிடுகிறது. அவ்வுயரத்தில் எரிபொருள் ஆவியையும் ஆக்சிஜனையும் ஒன்றாகத் திறந்துவிட்டாலும், அவை ஒன்றையொன்று சந்திப்பதற்கு முன்பே சிதறிப் பறந்துவிடும். சந்திப்பு இல்லையேல் வினை இல்லை. வினை இல்லையேல் வெப்பமும் இல்லை. ஆகவே வெற்றிடத்தில் தீயை வளர்ப்பதற்கு ஆக்சிஜனைக் கொண்டுசென்றால் மட்டும் போதாது. இரண்டையும் ஒரு கலத்திற்குள் அடைத்து அழுத்தத்தில் வைத்திருக்கவும் வேண்டும்.

இங்கு ஒரு தவறான புரிதலையும் நீக்கிவிடலாம். காற்றில்லாத வெளியில் சூரியன் எவ்வாறு எரிகிறது என்ற கேள்வி அடிக்கடி எழுப்பப்படுகிறது. சூரியன் எரிவதே இல்லை. அங்கு நடைபெறுவது ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாக மாறும் அணுக்கரு இணைவு. அதற்கு ஆக்சிஜனோடு எவ்விதத் தொடர்பும் கிடையாது.

ஆக்சிஜனைத் தன்னுள் கொண்ட எரிபொருள்

பிஎஸ்எல்வி ராக்கெட்டின் முதல் நிலையும் மூன்றாம் நிலையும் திட எரிபொருளால் இயங்குபவை. அந்த எரிபொருள், பார்வைக்குக் கெட்டியான ரப்பரைப் போன்றிருக்கும். அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அம்மோனியம் பெர்குளோரேட் என்னும் உப்பு. வெப்பத்தில் சிதையும்போது ஆக்சிஜனை வெளியிடுவதே அதன் பணி. இத்தகைய பொருளை ஆக்சிஜனேற்றி என்பர். அதனுடன் அலுமினியத் தூளும், இரண்டையும் பிணைத்து நிறுத்துவதோடு தானும் எரியக்கூடிய ஒரு பாலிமரும் கலக்கப்படுகின்றன. அம்மோனியம் பெர்குளோரேட்டைத் தயாரிப்பதற்கெனக் கேரள மாநிலம் ஆலுவாவில் இஸ்ரோ ஓர் ஆலையை நடத்தி வருகிறது. எரிவதற்குத் தேவையான ஆக்சிஜன் முழுவதும் இந்தக் கலவைக்குள்ளேயே இருப்பதால், வெளியே காற்று இருப்பதும் இல்லாததும் அதற்கு ஒரு பொருட்டல்ல.

காற்றே இல்லாவிடில் ராக்கெட் எதனை உந்தி முன்னேறும் என்ற ஐயம் ஒரு காலத்தில் படித்தவர்களிடமும் இருந்தது. அமெரிக்க ராக்கெட் முன்னோடியான ராபர்ட் கோடார்ட், வெற்றிடத்தில் ராக்கெட் இயங்கும் என்று கூறியதை நியூயார்க் டைம்ஸ் நாளேடு 1920 ஜனவரியில் தலையங்கம் எழுதி எள்ளி நகையாடியது. காற்று அகற்றப்பட்ட கலத்திற்குள் சிறிய ராக்கெட்டுகளைப் பற்றவைத்து, உந்துவிசை குறைவதற்கு மாறாகக் கூடுவதை அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே கோடார்ட் அளந்திருந்தார். அப்பல்லோ-11 நிலவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தபோது, 1969 ஜூலை 17 அன்று அந்நாளேடு தனது பழைய தவறுக்குத் திருத்தம் வெளியிட்டது. கோடார்ட் மறைந்து அப்போது 20 ஆண்டுகளுக்கும் மேல் கடந்திருந்தன.

அழுத்தமே உயிர்நாடி

திட எரிபொருள் எவ்வளவு விரைவாக எரிகிறது என்பதை அதனைச் சுற்றியுள்ள வாயுவின் அழுத்தம் தீர்மானிக்கிறது. அழுத்தம் மிகுதியாக இருக்கும்போது சுடர் எரிபொருளின் பரப்பை ஒட்டி நிற்கிறது. அதன் வெப்பம் பரப்பிற்குள் விரைந்து இறங்கி, அடுத்த அடுக்கைச் சிதைத்து வாயுவாக்குகிறது. அழுத்தம் குறைந்தால் சுடர் பரப்பை விட்டு விலகுகிறது. பரப்பிற்குத் திரும்பும் வெப்பம் குறைகிறது. எரியும் வேகமும் தளர்கிறது. குறிப்பிட்ட ஓர் அளவுக்குக் கீழே சென்றாலோ, அழுத்தம் திடீரெனச் சரிந்தாலோ தீ அறவே அணைந்துவிடவும் கூடும். ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் இத்தகைய எரிபொருளின் சிறு துண்டு ஒன்றை வெற்றிடத்தில் வெறுமனே கிடத்திப் பற்றவைத்தால் அது நீடித்து எரிவது கடினம் என்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும்.

ராக்கெட் மோட்டாரின் குறுகிய கழுத்துப் பகுதி இச்சிக்கலைத் தீர்க்கிறது. வீட்டுச் சமையலறையின் குக்கரை இதற்கு ஓரளவு ஒப்பிடலாம். உள்ளே நீராவி உண்டாகும் வேகமும் சிறு துளை வழியே அது வெளியேறும் வேகமும் சமமாகும்போது அழுத்தம் நிலைபெறுகிறது. மோட்டாரிலும் எரிந்து உண்டாகும் வாயு, குறுகிய கழுத்தின் வழியாக மட்டுமே வெளியேற முடியும் என்பதால், உள்ளே வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பல பத்து மடங்கு அழுத்தம் நிலைத்து நிற்கிறது. மேலும், அக்கழுத்தைக் கடக்கும் இடத்தில் வாயு ஒலியின் வேகத்தை எட்டிவிடுகிறது. அழுத்த மாற்றங்கள் ஒலியின் வேகத்தில்தான் பயணிக்க முடியும். ஆதலால், வெளியே இருக்கும் வெற்றிடத்தின் தாக்கம் அவ்வாயு ஓட்டத்தை எதிர்த்து உள்ளே நுழைய இயலாது. வெளியில் கடற்கரைக் காற்று இருந்தாலும் விண்வெளியின் வெறுமை இருந்தாலும், எரிகலனின் உட்புறம் அந்த வேறுபாட்டை அறிவதில்லை.

எனவேதான் எரிகலனின் அழுத்தம் ஏவுதளக் கட்டுப்பாட்டு அறையில் நொடிக்கு நொடி கவனிக்கப்படுகிறது. பிஎஸ்எல்வியின் மூன்றாம் நிலையில் 7.5 டன்னுக்கும் மேற்பட்ட திட எரிபொருள் உள்ளது. அடர்ந்த வளிமண்டலத்தைக் கடந்த பின்னரே அது பற்றவைக்கப்படுகிறது. அழுத்தம் குறைந்தால் எரியும் வேகம் குறையும், உந்துவிசை குறையும், செயற்கைக்கோளுக்குத் தேவையான வேகம் கிட்டாது. திட மோட்டாரை இடையில் நிறுத்தி மீண்டும் இயக்கவும் வழியில்லை. சி61 பயணத்தின் முடிவைத் தீர்மானிக்க அந்த ஒரு குறைவே போதுமானதாக இருந்தது.

தொட்டதும் பற்றும் திரவங்கள்

திரவ எரிபொருள் எஞ்சின்களில் வேறொரு சிக்கல் உண்டு. அங்கு எரிபொருளும் ஆக்சிஜனேற்றியும் தனித்தனித் தொட்டிகளிலிருந்து எரிகலனை வந்தடைகின்றன. எஞ்சின் தொடங்கும் கணத்தில் எரிகலன் வெறும் வெற்றிடமாகவே இருக்கிறது. அதனுள் பாயும் முதல் துளிகள் நொடிப்பொழுதில் கொதித்து ஆவியாகின்றன. அவ்வாறு ஆவியாவதால் எஞ்சிய திரவம் குளிர்ந்து உறைந்துபோகவும் கூடும். பற்றிக்கொள்வதற்குச் சற்றே தாமதமானாலும், அதற்குள் சேர்ந்துவிட்ட எரிபொருள் ஒரேயடியாகத் தீப்பிடித்து எஞ்சினைச் சேதப்படுத்தும் அபாயம் உண்டு.

செயற்கைக்கோள்களிலும் விண்கலங்களிலும், ஒன்றையொன்று தொட்டவுடன் தாமாகவே பற்றிக்கொள்ளும் இரு திரவங்கள் பெரிதும் பயன்படுத்தப்படுவதற்கு இதுவே முதன்மையான காரணம். ஹைட்ரசின் வகையைச் சேர்ந்த எரிபொருளும் நைட்ரஜன் டெட்ராக்சைடு அடிப்படையிலான ஆக்சிஜனேற்றியும் அத்தகைய இணை. மிகுந்த நச்சுத்தன்மை கொண்டவையாயினும் அவற்றுக்குத் தீப்பொறி தேவையில்லை. மங்கள்யான் விண்கலத்தின் முதன்மை எஞ்சின் ஏறத்தாழ 300 நாள்கள் செயலற்றிருந்த பிறகு, 2014 செப்டம்பர் 22 அன்று சோதனையாகச் சில நொடிகள் இயக்கப்பட்டது. அது பற்றிக்கொண்டதால், இரண்டு நாள்கள் கழித்துக் கலம் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தது. நிலவின் தென்துருவப் பகுதிக்கருகே 2023 ஆகஸ்ட் 23 அன்று தரையிறங்கிய சந்திரயான்-3 கலத்தின் விக்ரம் லேண்டர், அடுத்த மாதம் 3-ஆம் தேதி தனது எஞ்சின்களை மீண்டும் இயக்கி, நிலவுத் தரையிலிருந்து சுமார் 40 செ.மீ. எழும்பி, அருகிலேயே இறங்கிக் காட்டியது. காற்றில்லாத நிலவில் நிகழ்ந்த எரிதல் அது.

கிரையோஜெனிக் எஞ்சின்களில் இத்தகைய வசதி இல்லை. மைனஸ் 253 டிகிரி செல்சியஸில் திரவ ஹைட்ரஜனும், மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்சிஜனும் சேமிக்கப்படுகின்றன. இவற்றைப் பற்றவைக்கத் தனி இக்னைட்டர் தேவை. தொட்டிகளில் உரிய அழுத்தமும் தேவை. 2021 ஆகஸ்ட் 12 அன்று ஏவப்பட்ட ஜிஎஸ்எல்வி-எஃப்10 ராக்கெட்டில் ஹைட்ரஜன் தொட்டியின் அழுத்தம் போதிய அளவு இல்லாமற்போனது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வில் ஏற்பட்ட கசிவே அதற்குக் காரணம் எனப் பின்னர் கண்டறியப்பட்டது. கிரையோஜெனிக் நிலை இயங்கவில்லை. இஓஎஸ்-03 செயற்கைக்கோள் இழக்கப்பட்டது. தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள மகேந்திரகிரி உந்துவிசை வளாகத்தில், சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சினை வெற்றிடச் சூழலில் பற்றவைக்கும் சோதனையை இஸ்ரோ 2025 பிப்ரவரி 7 அன்று வெற்றிகரமாக நடத்தியது. பறந்துகொண்டிருக்கும்போது எஞ்சினை நிறுத்தி மீண்டும் இயக்கும் திறனை நோக்கிய முயற்சியின் ஒரு படி அது.

வெடிப்பு உண்டு, ஓசை இல்லை

வெடிபொருள்களைப் பொறுத்தவரை, விண்வெளி அவற்றுக்குத் தடையே அல்ல. டி.என்.டி., எச்.எம்.எக்ஸ். போன்றவற்றில் எரிபொருட் பகுதியும் ஆக்சிஜனும் ஒரே மூலக்கூறுக்குள் பிணைந்துள்ளன. வெடிப்பைத் தூண்டும் அலை அப்பொருளின் ஊடே ஒலியை விஞ்சிய வேகத்தில் பாய்ந்து செல்கிறது. மைக்ரோ நொடிகளில் முடிந்துவிடும் அந்நிகழ்வுக்கு வெளிக்காற்றின் உதவி எதுவும் வேண்டியதில்லை. துப்பாக்கித் தோட்டாவிலுள்ள மருந்தும் அவ்வாறே. விண்வெளியில் துப்பாக்கி சுடுமா என்று கேட்டால் சுடும் என்பதே விடை. சுட்டவரும் எதிர்த்திசையில் மெல்ல நகரத் தொடங்குவார்.

மாறுபடுவது வெடிப்பு அன்று. வெடித்த பின் நேர்வதே. பூமியில் ஒரு குண்டு வெடிக்கும்போது, விரியும் வாயு சுற்றியுள்ள காற்றை நெருக்கித் தள்ளுகிறது. அதனால் எழும் அதிர்ச்சி அலைதான் தொலைவிலுள்ள சுவர்களை இடிக்கிறது, சன்னல் கண்ணாடிகளை நொறுக்குகிறது, செவிப்பறைகளைக் கிழிக்கிறது. வெற்றிடத்தில் நெருக்குவதற்குக் காற்று இல்லை. ஆகவே அதிர்ச்சி அலையும் இல்லை, ஓசையும் இல்லை. வாயு நாற்புறமும் விரிந்து விரைவாக நீர்த்துப்போகிறது. கணநேர ஒளி தோன்றி மறையும். சற்றுத் தள்ளி நிற்கும் கலத்தை அந்த வாயு பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. திரைப்படங்களில் விண்கலம் வெடிக்கும்போது புகை கக்கியபடி உருண்டு எழும் தீப்பிழம்பும் செவிடாக்கும் முழக்கமும் பூமியிலிருந்து இரவல் பெறப்பட்டவை.

தண்டவாளம்போல ஏதேனும் ஒரு திடப்பொருள் இடையில் இருந்தால் அதிர்வு அதன் வழியே செல்லும் என்பதையும் இங்கு சொல்ல வேண்டும். நிலவில் மனிதர்கள் நடத்திய வெடிப்புச் சோதனைகள் இதை நம்பியே அமைந்தன. 1972 டிசம்பரில் நிலவில் இறங்கிய அப்பல்லோ-17 வீரர்கள் எட்டு வெடிபொதிகளைப் பல இடங்களில் வைத்துவிட்டுத் திரும்பினர். மிகச் சிறியதில் 57 கிராம், மிகப் பெரியதில் சுமார் 2.7 கிலோகிராம் வெடிபொருள் இருந்தது. வீரர்கள் புறப்பட்ட பிறகு அவை தொலைவிலிருந்து வெடிக்கச் செய்யப்பட்டன. காற்றில் பரவாத அந்த அதிர்வு நிலவுத் தரையின் ஊடே பயணித்து, பதிக்கப்பட்டிருந்த உணரிகளை எட்டியது. நிலவின் மேலடுக்கு எத்தகையது என்பதை அறிவியலாளர்கள் அதிலிருந்து கணித்தனர். அப்பொதிகளில் பயன்படுத்தப்பட்ட எச்.என்.எஸ். என்னும் வெடிபொருள், கடும் வெப்பத்தைத் தாங்குவதாலும் வெற்றிடத்தில் ஆவியாகி வீணாகாததாலும் தேர்ந்தெடுக்கப்பட்டது. சாதாரண வெடிபொருள்கள் பலவற்றிற்கு இவ்விரண்டுமே சோதனைதான்.

ஜப்பானின் ஹயபுசா-2 விண்கலம் 2019 ஏப்ரல் 5 அன்று ரியுகு சிறுகோளில் நிகழ்த்தியது இன்னும் துணிச்சலானது. சுமார் 4.7 கிலோ வெடிபொருள் நிரப்பிய ஒரு சிறு கருவியை அது சிறுகோளுக்கு ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் விடுவித்தது. வெடிப்பு, 2 கிலோ எடையுள்ள செப்புத் தகட்டை உருமாற்றி, நொடிக்கு ஏறத்தாழ 2 கி.மீ. வேகத்தில் ரியுகுவின் மீது எறிந்தது. 10 மீட்டருக்கும் அகலமான பள்ளம் உருவானது. வெடிப்பிற்கு முன் தாய்க்கலம் சிறுகோளின் மறுபுறம் சென்று ஒளிந்துகொண்டது. வாயுவுக்கு அஞ்சி அல்ல. தடுப்பார் இன்றிப் பறக்கும் துண்டுகளுக்கு அஞ்சியே அது ஒளிந்தது.

விண்வெளிப் பயணங்களில் வெடிபொருளின் அன்றாடப் பணி இவற்றைக் காட்டிலும் அடக்கமானது. போல்ட்டுகளை அறுத்தல், கம்பி வடங்களைத் துண்டித்தல், வால்வுகளைத் திறத்தல், ராக்கெட்டின் நிலைகளைப் பிரித்தல் ஆகியவற்றைச் சிறு வெடிச்சாதனங்கள் கச்சிதமாகச் செய்து முடிக்கின்றன. செயற்கைக்கோளை மூடியிருக்கும் வெப்பக் கவசம் இரண்டாகப் பிளந்து விலகுவதும் இவ்வாறே. இத்தகைய பிரிப்பு தவறினால் என்ன நேரும் என்பதை 2017 ஆகஸ்ட் 31 அன்று பிஎஸ்எல்வி-சி39 காட்டியது. வெப்பக் கவசம் பிரியாததால் ஐஆர்என்எஸ்எஸ்-1எச் வழிகாட்டிச் செயற்கைக்கோள் அதற்குள்ளேயே சிறைப்பட்டது. ஸ்பேஸ்-எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன்-9 போன்ற சில ராக்கெட்டுகள் நிலைகளைப் பிரிப்பதற்கு வெடிபொருளைத் தவிர்த்து, அழுத்தப்பட்ட வாயுவைப் பயன்படுத்துகின்றன.

அணுகுண்டைப் பொறுத்தவரை, வெற்றிடம் அதன் சேதத்தைக் குறைத்துவிடவில்லை. வேறு வடிவத்திற்கு மாற்றியது. அமெரிக்கா 1962 ஜூலை 9 அன்று பசிபிக் பெருங்கடலின் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே 400 கி.மீ. உயரத்தில் 1.4 மெகாடன் குண்டு ஒன்றை வெடித்தது. ‘ஸ்டார்ஃபிஷ் பிரைம்’ எனப்பட்ட அச்சோதனையால் எந்தக் கட்டடமும் அதிரவில்லை. ஆனால் அதிலிருந்து எழுந்த மின்காந்தத் துடிப்பு சுமார் 1,400 கி.மீ. தொலைவிலிருந்த ஹவாயில் தெருவிளக்குகளை அணைத்தது. புவியின் காந்தப்புலத்தில் சிக்கிய எலெக்ட்ரான்கள், பிரிட்டனின் ஏரியல்-1, மறுநாள் ஏவப்பட்ட டெல்ஸ்டார் உள்ளிட்ட செயற்கைக்கோள்களைப் பாழாக்கின. அடுத்த ஆண்டு கையெழுத்தான பகுதி அணுச்சோதனைத் தடை ஒப்பந்தம் விண்வெளியிலும் இத்தகைய சோதனைகளுக்குத் தடை விதித்தது. இந்தியாவும் அதில் கையெழுத்திட்டுள்ளது.

நிற்காத துண்டுகள்

பூமியில் வெடிப்பின் சிதறல்கள் காற்றால் வேகமிழந்து தரையில் விழுந்துவிடும். சுற்றுப்பாதையில் அவற்றை நிறுத்த எதுவும் இல்லை. ஒரு கணத்தில் முடிந்த வெடிப்பின் விளைவு பல பத்தாண்டுகள் பூமியைச் சுற்றிவருகிறது. விண்வெளி வெடிப்பின் மெய்யான ஆபத்து இதுதான்.

சுற்றுப்பாதையில் அறியப்பட்ட முதல் சிதறல் 1961 ஜூன் 29 அன்று நிகழ்ந்தது. அமெரிக்காவின் டிரான்சிட்-4ஏ செயற்கைக்கோளைச் சுமந்து சென்ற ஏபிள்ஸ்டார் மேல்நிலை, பணி முடிந்த சற்று நேரத்திலேயே வெடித்து ஏறத்தாழ 300 துண்டுகளானது. இந்தியாவுக்கும் அத்தகைய அனுபவம் உண்டு. 2001 அக்டோபர் 22 அன்று ஏவப்பட்ட பிஎஸ்எல்வி-சி3 தனது செயற்கைக்கோள்களை வெற்றிகரமாக நிலைநிறுத்தியது. ஆனால் சுற்றுப்பாதையில் எஞ்சியிருந்த அதன் நான்காம் நிலை, ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கழித்து டிசம்பர் 19 அன்று வெடித்துச் சிதறியது. 300-க்கும் மேற்பட்ட துண்டுகள் பதிவாயின. இருபது ஆண்டுகள் கடந்த பின்னரும் அவற்றுள் சில சுற்றிக்கொண்டிருந்தன.

கைவிடப்பட்ட நிலை ஒன்று மாதக்கணக்கில் கழிந்தபின் வெடிப்பது எதனால்? தொட்டிகளில் மிஞ்சியுள்ள எரிபொருளே காரணம். சூரிய வெப்பத்தில் அழுத்தம் ஏறித் தொட்டி வெடிக்கலாம். இரு திரவங்களையும் பிரிக்கும் தடுப்பு பழுதாகி அவை கலந்து பற்றிக்கொள்ளலாம். ஆக்சிஜனேற்றியும் எரிபொருளும் அழுத்தமும் ஒரே கலத்தில் கூடியிருக்கும்வரை, எரிதலுக்குத் தேவையான அனைத்தும் அங்கு தயாராகவே உள்ளன. இதற்கான மாற்று எளிமையானது. பணி முடிந்ததும் எஞ்சிய திரவங்களை விண்வெளியில் திறந்துவிட்டு, அழுத்தத்தை வெளியேற்றி, கலத்தைச் செயலிழக்கச் செய்தல் வேண்டும். சி3 நிகழ்வுக்குப் பின் இஸ்ரோ தனது மேல்நிலைகளில் இம்முறையைக் கடைப்பிடித்து வருகிறது. பிஎஸ்எல்வி-சி58 பயணத்தில் நான்காம் நிலையை ஆய்வுத்தளமாகப் பயன்படுத்திய ‘போயம்-3’, பணி முடிந்து 2024 மார்ச் 21 அன்று வளிமண்டலத்தில் நுழைந்து அழிந்தது. 2030-க்குள் குப்பையற்ற விண்வெளிப் பயணங்கள் என்ற இலக்கையும் இந்தியா அறிவித்துள்ளது. எல்லா நாடுகளின் நிலையும் அவ்வாறு இல்லை. 2024 ஆகஸ்டில் ஏவப்பட்ட சீனாவின் லாங் மார்ச்-6ஏ ராக்கெட்டின் மேல்நிலை சிதறி, கண்காணிக்கத்தக்க 300-க்கும் மேற்பட்ட துண்டுகளை விட்டுச்சென்றது.

துண்டுகளின் ஆற்றலைக் கணக்கிட்டால், விண்வெளியில் வெடிபொருளே மிகையோ என்று தோன்றும். நொடிக்கு சுமார் 3 கி.மீ. வேகத்தில் செல்லும் எந்தப் பொருளும் தன் எடைக்கு நிகரான டி.என்.டி.யின் ஆற்றலைக் கொண்டிருக்கிறது. சுற்றுப்பாதை மோதல்களின் வேகம் நொடிக்கு 10 கி.மீ. அளவுக்கு இருக்கக்கூடும். அவ்வேகத்தில் 10 கிராம் எடையுள்ள ஒரு திருகாணி மோதினால், 100 கிராமுக்கும் அதிகமான டி.என்.டி. வெடித்ததற்கு ஈடாகும். 2019 மார்ச் 27 அன்று நடைபெற்ற ‘மிஷன் சக்தி’ சோதனையில், சுமார் 300 கி.மீ. உயரத்தில் இருந்த இந்தியச் செயற்கைக்கோளை ஏவுகணை நேரடியாக மோதியே தகர்த்தது. அதற்கு வெடிகுண்டு தேவைப்படவில்லை.

கலத்திற்குள் தீ

வெளியே காற்றில்லை, விண்வீரர்கள் வாழும் அறைக்குள் உண்டு. ஆகவே விண்வெளியில் மனிதர் உண்மையில் அஞ்ச வேண்டிய தீ உட்புறத்தில்தான் இருக்கிறது. ககன்யான் திட்டத்தின் வீரர்கள் பயணிக்கும் கலத்தில் பூமியிலுள்ளதைப் போன்ற காற்றுச்சூழலே பேணப்படவுள்ளது. தூய ஆக்சிஜன் எத்தகைய ஆபத்து என்பதை 1967 ஜனவரி 27 அன்று அப்பல்லோ-1 கலத்தில் நிகழ்ந்த தீ விபத்து உணர்த்தியது. தரையில் ஒத்திகையின்போது, தூய ஆக்சிஜன் நிரம்பிய அறையில் பரவிய அத்தீயில் மூன்று வீரர்கள் உயிரிழந்தனர். 1970 ஏப்ரலில், பூமியிலிருந்து 3 லட்சம் கி.மீ.க்கும் அப்பால் அப்பல்லோ-13 கலத்தின் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. தொட்டிக்குள் இருந்த மின்கம்பியின் டெஃப்லான் உறை பற்றியதே அதன் தொடக்கம். வீட்டுத் தோசைக்கல்லில் பூசப்படும் அதே பொருள். காற்றில் எளிதில் எரியாதது. உயர் அழுத்த ஆக்சிஜனில் அதுவும் எரிபொருளானது. சுற்றிலும் வெற்றிடமாயினும், கலத்தின் உடல் வழியே வந்த அதிர்வை வீரர்கள் தெளிவாக உணர்ந்தனர்.

எடையின்மையில் சுடரின் இயல்பே மாறிவிடுகிறது. பூமியில் சூடான வாயு மேலெழுவதால் சுடர் மேல்நோக்கிக் கூர்மையாகிறது. கீழிருந்து புதிய காற்று வந்து சேர்கிறது. எடையின்மையில் மேல், கீழ் என்பவை இல்லை. சுடர் உருண்டையாகி, மங்கிய நீல நிறம் பெறுகிறது. ஆக்சிஜன் மெல்லப் பரவி வந்து சேர வேண்டும் என்பதால் அசையாக் காற்றில் அது பலவீனமாகவே எரியும். ஆனால் விண்வெளி நிலையங்களில் காற்று ஒருபோதும் அசையாமல் இருப்பதில்லை. வீரர்கள் சுவாசிப்பதற்காக மின்விசிறிகள் எந்நேரமும் இயங்குகின்றன. அத்தகைய மெல்லிய காற்றோட்டத்தில், பூமியில் அணைந்துவிடக்கூடிய அளவு குறைந்த ஆக்சிஜனிலும் சில பொருள்கள் தொடர்ந்து எரிவது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2012-இல் நடைபெற்ற ஓர் ஆய்வில், எரிபொருள் துளியின் சுடர் கண்ணுக்கு மறைந்த பின்னரும், குறைந்த வெப்பநிலையில் ஒளியின்றி எரிதல் தொடர்ந்தது கண்டறியப்பட்டது. அணைந்துவிட்டது என்று கண்ணை நம்பிச் சொல்ல முடியாத தீ அது.

ரஷ்யாவின் மிர் நிலையத்தில் 1997 பிப்ரவரி 23 அன்று பற்றிய தீ வேறு வகை. ஆக்சிஜன் தயாரிப்பதற்காக லித்தியம் பெர்குளோரேட்டை வெப்பமூட்டும் குப்பி ஒன்று தீப்பிடித்தது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உற்பத்தி செய்துகொண்டு, ஊதுலையைப் போல அது எரிந்தது. நிலையத்தில் அப்போது ஆறு பேர் இருந்தனர். மீட்புக்கலங்கள் இரண்டில் ஒன்றுக்குச் செல்லும் வழியைத் தீ மறித்துக்கொண்டது. தீயணைப்பான்களைக் கொண்டு போராடி அவர்கள் தப்பினர். பெரிய அளவிலான தீயை மனிதர்கள் உள்ள இடத்தில் சோதிக்க முடியாது என்பதால், சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் ஆளில்லாச் சிக்னஸ் கலங்களுக்குள் 2016 முதல் 2024 வரை ஆறு எரிப்புச் சோதனைகளை நாசா நடத்தியது.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் புகை மேலெழாது என்பதால், புகை உணரிகள் காற்றோட்டப் பாதையில் பொருத்தப்பட்டுள்ளன. தீ ஏற்பட்டால் முதலில் அப்பகுதியின் மின்விசிறிகளும் மின்சாரமும் நிறுத்தப்படும். பெரும்பாலான சிறு தீக்களுக்கு அதுவே போதும். அடுத்தது தீயணைப்பான். அதற்கும் கட்டுப்படாவிடில், வீரர்கள் வெளியேறிக் கதவை மூடிய பின், அந்தப் பகுதியின் காற்று முழுவதையும் விண்வெளிக்குத் திறந்துவிடுவது இறுதி வழி. ஆனால் அதிலும் ஒரு கண்டம் உண்டு. ஸ்கைலேப் நிலையத்தில் 1970-களில் நடத்தப்பட்ட சோதனையில், காற்றை வெளியேற்றத் தொடங்கியதும் எழுந்த காற்றோட்டத்தால் தீ முதலில் மேலும் கொழுந்துவிட்டு எரிந்தது. அதன் பிறகே அணைந்தது.